உசாத்துணைப் பட்டியலில் அமரர்கள்

கஹவத்தை நகரில் அச்செடுத்துக் கொடுக்கும் கொமியுனிகேஷன் கடை வைத்திருக்கும் முதலாளி, நான் கொடுத்த பென் டிரைவைத் தமது கணினியில் செருகினார். திரையில் விரிந்த பக்கத்தைச் சற்று நேரம் பார்த்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடியும் பார்த்தார்.

“என்ன ஐயா இது? இவ்வளவு பேருமா மௌத்து? எங்கேயும் பஸ் பொரண்டதா?”

“யாரும் மௌத்தாகல முதலாளி. அது மருமகளோட ஆய்வேட்டுக்கு உசாத்துணைப் பட்டியல். படிச்ச புத்தகங்களோட வெவரம்.”

“அதெல்லாம் எனக்கு வெளங்காது. கறுப்புக் கரை போடணுமா, வேணாமா? அத மட்டும் செல்லுங்க.”

அவர் கேலி செய்யவில்லை. அவர் முகத்தில் உண்மையான துக்கம் இருந்தது. நான் மேசையைச் சுற்றிப் போய் அவருக்குப் பின்னால் நின்று திரையைப் பார்த்தேன். அக்கணத்தில் என் உடம்பில் ஏற்பட்ட அதிர்ச்சியை விளக்க வேண்டுமானால், நான் யார் என்பதையும் அப்பட்டியல் எவ்வாறு உருவாயிற்று என்பதையும் முதலில் கூறியாக வேண்டும்.

ரப்பர்த் தாள்களைப் புகையூட்டி உலர்த்தும் கூடத்தில் உழைத்து ஓய்வு பெற்றவன் நான். பாடசாலையில் பயின்றது ஐந்தாம் வகுப்பு வரையில்தான். அதற்கு மேற்பட்ட எழுத்தறிவை, சாமான் சுற்றிவந்த பத்திரிகைத் தாள்களிலிருந்தும் கோயில் திருவிழா மலர்களிலிருந்தும் நானாகவே சேகரித்துக்கொண்டேன். எந்தச் சொல்லை எவரிடமிருந்து எடுத்தேன் என்று இன்று யாரேனும் வினவினால் என்னால் விடை கூற இயலாது. மேற்கோள் காட்டும் வழக்கம் எனக்கு அப்போது தெரியாது.

எங்கள் தோட்டத்திலும் சுற்றியுள்ள தோட்டங்களிலும் எவரேனும் காலமானால், துண்டுப்பிரசுரம் எழுதித்தருமாறு என்னிடம்தான் வருவார்கள். கண்ணீர் அஞ்சலி, முப்பத்தோராம் நாள் நினைவு, ஆண்டு நினைவு ஆகிய அனைத்தையும் நானே எழுதுவேன். கொமியுனிகேஷன் முதலாளி அச்சிடுவார். அவருடைய கணினியில்தான் தமிழ்த் தட்டெழுத்தையும் பழகினேன். அந்தப் பிரசுரத்துக்கு மாறாத ஓர் அமைப்பு உண்டு. மேலே ஒரு வரியில் ‘அமரர்’ என்ற சொல் தனியாக நிற்கும். அதன் கீழே, பெரிய எழுத்தில், பெயர் வரும். மறைந்தவரின் பெயரை அந்தச் சொல்லின்றி வெறுமனே எழுதுவது எங்கள் மக்களிடையே மிகப் பெரிய அவமதிப்பு. என் மனைவிக்கும் நானே எழுதினேன். அந்தச் சொல்லைத் தட்டும்போது விரல் நின்றுவிட்டது. எனினும் அதை விட்டுவிட்டு அவள் பெயரை எழுத என் மனம் ஒப்பவில்லை.

என் மருமகள் தோட்டப் பாடசாலை ஆசிரியை. எங்கள் பெண்பிள்ளைகள் எந்த வகுப்போடு படிப்பை நிறுத்துகிறார்கள், ஏன் நிறுத்துகிறார்கள் என்பதைப் பற்றி முதுமாணிப் பட்டத்துக்கு ஆய்வேடு எழுதிக்கொண்டிருந்தாள். கைக்குழந்தையின் காரணமாகக் காலநீடிப்பு பெற்றிருந்தாள். இனி நீடிப்பு இல்லை, அந்த வெள்ளிக்கிழமைக்குள் சமர்ப்பிக்காவிட்டால் பதிவு இரத்தாகும் என்று பல்கலைக்கழகத்திலிருந்து அறிவித்துவிட்டார்கள். இரத்தானால் மீண்டும் தொடங்க மாட்டாள் என்பது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். எந்த வகுப்போடு நின்றாள் என்று எழுதப்படும் பெண்களின் வரிசையில் அவளும் ஒருத்தியாகிவிடுவாள். அதை ஒருவரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

அந்த வாரத் தொடக்கத்தில் அவள் மடிக்கணினியை என் முன்னால் வைத்தாள்.

“மாமா, இந்த சொப்ட்வெயார் இருக்குல்ல, இதுல புத்தகத்தோட வெவரத்த ஒருதடவ குடுத்தா போதும். எழுதுறப்போ எந்த எடத்துல அந்தப் புத்தகத்த சொல்றமோ, அங்க ஒரு தட்டு. அடைப்புக்குறி, பேரு, வருஷம் எல்லாம் தானா வந்து உக்காந்துக்கும். கடைசியில பட்டியலையும் அதுவே போட்டுரும்.”

“அகர வரிசையிலயா?”

“அகர வரிசையிலதான். ஒரு புள்ளி தப்பாது.”

அவள் ஒரு பொத்தானை அழுத்தினாள். பட்டியல் முழுவதும் ஒரே மூச்சில் வேறு வடிவத்துக்கு மாறியது. இன்னொன்றை அழுத்தினாள், மறுபடியும் மாறியது. திருவிழா மலர் ஒன்றில் பெயர்களை வரிசைப்படுத்த நானும் கோயில் செயலாளரும் பட்ட பாட்டையும் சம்பாதித்த பகையையும் நினைத்துக்கொண்டு அமர்ந்திருந்தேன்.

“ஒரு கலாநிதி, பேராசிரியர்னு ஒண்ணையும் காணோமே புள்ள?”

“பட்டமெல்லாம் போடக்கூடாது மாமா. இங்க எல்லாரும் ஒண்ணுதான். நான் அவசரத்துல பேர மட்டும் போட்டுட்டேன். வெளியீட்டாளர், ஊரு, பக்கம் எல்லாம் விட்டுப்போயிருக்கு. நூலகத்துல எடுத்த போட்டோவப் பாத்து நீங்க நெரப்பிக் குடுத்தா, ராத்திரியில நான் கண்முழிக்க வேண்டியதில்ல.”

அவள் பாடசாலைக்குப் போனபின், குழந்தை உறங்கும் நேரங்களில் நான் நிரப்பினேன். தமிழ் நூல்கள், சிங்கள நூல்கள், சில ஆங்கில நூல்கள். விவரங்களை நிரப்பும்போது அந்தப் பெயர்கள் என்னை உறுத்தின. பட்டம் வேண்டாமென்றால் சரி. பட்டம் மனிதர் கொடுப்பது, மனிதர் கழற்றலாம். மரணம் பட்டமன்றே! இறந்துபோன பெரியவர்கள் வெறும் பெயரோடு அங்கே நின்றுகொண்டிருந்தார்கள். அதைக் கண்டும் காணாதவனாக நிரப்பிச் செல்ல என்னால் முடியவில்லை.

எழுத்தாளர் பெயருக்கு அந்த மென்பொருளில் இரண்டு பெட்டிகள் இருந்தன. பெயரை இரண்டாகப் பிளந்து எழுதும் வழக்கம் நம்மிடம் இல்லாமையால், மருமகள் முழுப் பெயரையும் முதற்பெட்டியிலேயே இட்டிருந்தாள். இரண்டாம் பெட்டி காலியாக இருந்தது. எனக்கோ, இரண்டு பெட்டிகளின் பொருள் ஐயத்துக்கு இடமின்றி விளங்கியது. எங்கள் பிரசுரத்தில் இரண்டு வரிகள். இங்கே இரண்டு பெட்டிகள். ஆகவே பெயரை இரண்டாம் பெட்டிக்கு நகர்த்தி, முதற்பெட்டியில் ‘அமரர்’ என்று இட்டேன்.

எவர் மறைந்தவர் என்பதை ஊகத்தால் தீர்மானிக்கவில்லை. பத்திரிகையில் மரண அறிவித்தல் பக்கத்தை நான் ஒருநாளும் தவறவிட்டதில்லை. ஐயம் ஏற்பட்ட இடங்களில் தெரிந்தவர்களுக்குத் தொலைபேசியில் அழைத்துக் கேட்டேன். சிங்கள நூல்களுக்குச் சிங்களத்திலேயே அதற்குரிய சொல்லை இட்டேன். வெள்ளைக்காரத் துரைமார் காலத்து ஆங்கில ஆசிரியர்கள் உயிரோடிருக்க நியாயமில்லை. அவர்களுக்கு ஆங்கிலத்தில் ‘லேட்’ என்று எழுதினேன். வேலை முடிந்தபோது, துக்க வீட்டில் செய்யவேண்டியதைச் செய்துவிட்டு வந்த நிறைவு எனக்கு இருந்தது.

புதன்கிழமை காலை, குழந்தை ஒருபுறம் அழ, பஸ் மறுபுறம் ஹோர்ன் அடிக்க, மருமகள் நின்ற நிலையிலேயே ஒரு பொத்தானை அழுத்தினாள். நான் நிரப்பியவை யாவும் ஆய்வேட்டுக்குள் பாய்ந்தன. திறந்து பார்க்க நேரமில்லை. அப்படியே தன் மேற்பார்வையாளருக்கு மின்னஞ்சலில் அனுப்பிவிட்டு, ஒரு பிரதியைப் பென் டிரைவில் இட்டு, பட்டியலை மட்டும் அச்செடுத்து வரும்படி என்னிடம் தந்துவிட்டு ஓடினாள். பக்கத்து லயத்து வீட்டுப் பெண்மணியிடம் குழந்தையை விட்டு நான் கஹவத்தைக்குப் புறப்பட்டேன்.

இனி, கடையில் நான் கண்டதைக் கூறுகிறேன்.

முதற்பெட்டியில் எது இருக்கிறதோ அதையே அந்த மென்பொருள் குடும்பப் பெயராகக் கொள்ளும். இரண்டாம் பெட்டியில் இருப்பதை முதலெழுத்தாகக் குறுக்கி, பக்கத்தில் ஒரு புள்ளி வைக்கும். இது எனக்குப் பின்னர்தான் தெரிந்தது. அப்போது கண்டதெல்லாம், அகரத்தின் கீழே, வரிக்கு வரி, பக்கத்துக்குப் பக்கம், அமரர், அமரர், அமரர். ஒவ்வொன்றையும் அடுத்து ஒற்றை எழுத்தும் புள்ளியும். மரியாதை செய்யவென்று நான் தொட்ட பெயர்கள் அனைத்தும் மறைந்துபோயிருந்தன. மரியாதைச் சொல் மட்டும் எஞ்சியிருந்தது.

“உள்ளுக்கயும் ஈக்கிது ஐயா,” என்று முதலாளி ஆய்வேட்டின் பக்கங்களை உருட்டினார். அடைப்புக்குறிக்குள் அமரர், ஓர் ஆண்டு. இன்னோர் அமரர், இன்னோர் ஆண்டு. பலர் சேர்ந்து எழுதிய நூலொன்று வந்த இடத்தில் ‘அமரர் மற்றும் பலர்’ என்றிருந்தது. அதைக் கண்டதும் முதலாளி கையை எடுத்துவிட்டார்.

“அந்தப் பலரு யாரு ஐயா?”

ஒரு கிளாஸ் தண்ணீர் வாங்கிக் குடித்தேன். மருமகளுக்கு அழைத்தேன், வகுப்பில் இருந்தாள், எடுக்கவில்லை. பஸ்ஸில் திரும்பும்போது ரப்பர் மரங்கள் வரிசை வரிசையாகப் பின்னே சென்றன. அவற்றைப் பார்க்கவும் எனக்கு அச்சமாக இருந்தது.

பாடசாலை விட்டு வந்தவளிடம் நான் ஒன்றும் விளக்கவில்லை. மடிக்கணினியைத் திறந்து காட்டினேன். அவள் கைப்பையைக்கூட இறக்கிவைக்காமல் பார்த்தாள். பெல்மதுளையில் ஹார்ட்வெயார் கடையில் வேலை செய்யும் என் மகன், அன்று அரைநாள் லீவில் வீட்டில் இருந்தான். தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தவன் சிரிப்பை அடக்க மாட்டாமல் திண்டாடினான்.

“ஐயோ அப்பா! டெங்குகூட இப்பிடி அள்ளிக்கிட்டுப் போகாதே!”

“நீங்க சும்மா இருங்க,” என்று அவனை அதட்டியவள், திரும்பவும் திரையில் கண்ணை ஓட்டினாள். ஓரிடத்தில் விரல் நின்றது.

“மாமா... சேரையுமா?”

“எந்தச் சேரு?”

“என் சேரு. என்னோட மேற்பார்வையாளர். இது இந்த வருஷம் வந்த அவரோட கட்டுரை. முந்தாநேத்து என்கிட்ட போன்ல பேசுனாரு மாமா!”

அந்தப் பேராசிரியரை எங்கள் வீட்டில் ‘சேர்’ என்று மட்டுமே குறிப்பிடுவோம். பெரியவர்களின் பெயரைச் சொல்லுவது எங்களிடம் வழக்கமில்லை. ஆகவே அவர் பெயர் இன்னதென்றே நான் அறியேன். பட்டியலில் ஒரே பெயரில் சில நூல்களும் ஒரு கட்டுரையும் இருந்தன. அதே பெயரை மாசி மாதம் மரண அறிவித்தலில் நான் பார்த்திருந்தேன். இறந்தபின் ஒருவரது எழுத்து வெளிவருவது உலகில் புதிதன்று. எனவே கட்டுரையின் ஆண்டும் எனக்கு ஐயம் தரவில்லை. முதலெழுத்தை ஒப்பிட்டுப் பார்க்காமல் அனைத்துக்கும் அமரர் இட்டேன்.

“மெயில் காலையிலயே போயிருச்சு,” என்றாள் அவள். அழவில்லை. குழந்தையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்தபடி இருந்தாள். “உயிரோட இருக்கிற மனுசன்கிட்டயே குடுத்திருக்கேன். இனி நான் எந்த மொகத்தோட வெள்ளிக்கெழம போறது?”

என் மகனும் அதன்பின் சிரிக்கவில்லை.

மாலையில் அவளுடைய தொலைபேசி ஒலித்தது. திரையில் ‘சேர்’ என்று இருந்தது. அவள் எடுத்து, எழுந்து நின்று, “சேர்... சேர்... இல்ல சேர்... எங்க மாமா சேர்,” என்று தடுமாறினாள். பிறகு தொலைபேசியை என்னிடம் நீட்டினாள். நானும் எழுந்து நின்றேன்.

“வணக்கம் ஐயா. நான்தான் பேசுறேன். நீங்க அமரராக்குன ஆளு.”

“பெரிய பிழை நடந்துபோச்சுங்க. நீங்க என்ன தண்டனை...”

“இருங்க, இருங்க. அத அப்புறம் பாத்துக்கலாம். வெள்ளக்காரனுக்குக்கூட மறக்காம லேட் போட்டிருக்கீங்களே! அத வாசிச்சுச் சிரிச்சுக்கிட்டே வந்தவன், என் கட்டுரையப் பாத்ததும் சிரிப்ப நிறுத்திட்டேன். நீங்க வெசாரிக்காம போடுற ஆளு மாதிரி தெரியல. என் பேர்ல யாரு செத்தது?”

“பத்திரிகையில பாத்தேங்க. கரவனெல்லப் பக்கம். ஓய்வுபெற்ற பாடசாலை அதிபர்னு போட்டிருந்தாங்க. மாசி மாசம்.”



“பேருக்கு முன்னால இருந்த முதலெழுத்து என்னன்னு ஞாபகம் இருக்கா?” என்று கேட்டார்.

நான் சொன்னேன்.

“எனக்கு யாருமே சொல்லலையே,” என்றார். அந்தக் குரலில் பேராசிரியர் இல்லை. எங்கள் துக்க வீடுகளில் கேட்கும் குரல் அது.

எத்தனையோ மரணங்களை நான் எழுத்தில் அறிவித்திருக்கிறேன். ஒருவரின் காதில் நேராக அறிவித்தது அதுவே முதன்முறை, அதுவும் அறியாமல். மருமகள் நாற்காலியை நகர்த்திக் கொடுத்தாள்.

அவரே தொடர்ந்து பேசினார். இருவரும் கேகாலைப் பக்கத்தில் ஒரே பாடசாலையில் படித்தவர்கள், பெயரும் ஒன்று. இவருடைய பரிசு அவருக்கும், அவருக்கு விழவேண்டிய அடி இவருக்கும் மாறிமாறிக் கிடைத்ததுண்டு. பிற்காலத்தில் இவர் பல்கலைக்கழகத்துக்குப் போனார். அவர் தோட்டப் பாடசாலையிலேயே இருந்துகொண்டு, பள்ளிக்கு வராத பிள்ளைகளைப் பற்றி இரண்டு சிறு நூல்களை எழுதினார்.

“உங்க பட்டியல்ல இருக்கிற அந்த ரெண்டு புத்தகமும் அவரோடது ஐயா. என்னோடது இல்ல.”

“மருமகளுக்கு அது தெரியாதுங்க.”

“அவளக் குத்தஞ் சொல்லல. நூலகத்துலயே எங்களச் சேத்துத்தான் வச்சிருக்காங்க. எல்லாரும் என் கணக்குலதான் போடுறாங்க. சில பேருக்குத் திருத்திச் சொன்னேன். சில பேருக்குச் சொல்லல. அவரு ஆய்வுப் பேப்பரெல்லாம் படிக்கிறவரு, ஒருநாள் போன் எடுத்து ஏசுவாருன்னு நெனச்சுக்கிட்டே இருந்தேன். எடுக்கவேயில்ல.”

துண்டுப்பிரசுரத்தில் எழுதும் வார்த்தைகள் எவையும் அந்த இடத்துக்குப் பொருந்தவில்லை.

“சரி,” என்றார். “எங்க ரெண்டு பேரையும் பிரிச்சுப் போடுங்க. வெள்ளிக்கெழம அலுவலகம் மூடமுந்தி அவளக் கொண்டாந்து குடுக்கச் சொல்லுங்க. நான் அங்க இருப்பேன். எல்லாரையும் உயிரோட கொண்டாங்க. என்னைய மொதல்ல எழுப்புங்க.”

மறுநாள் மருமகள் விடுப்பு எடுத்தாள். நான் பக்கத்தில் அமர்ந்தேன். ஒவ்வொரு பெயராகத் திறந்து, முதற்பெட்டியிலிருந்த சொல்லை அழித்து, பெயரை இரண்டாம் பெட்டியிலிருந்து முதலாவதற்குக் கொண்டுவந்து, முதலெழுத்தை மட்டும் இரண்டாவதிலேயே விட்டேன். அழிக்கும் ஒவ்வொரு தடவையும் என் விரல் கூசியது, எனினும் அழித்தேன். பேராசிரியரை அவர் கேட்டபடியே முதலில் எழுப்பினேன். கடைசியாக அந்த அதிபருக்குத் தனிப் பதிவு செய்து, அவருடைய இரு நூல்களையும் அவர் பெயருக்கும் அவருக்குரிய முதலெழுத்துக்கும் மாற்றினேன்.

“இப்ப அழுத்துறேன் மாமா,” என்றாள் அவள். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

“இங்க பாருங்க!”

பெயர்கள் தத்தம் இடத்துக்குத் திரும்பியிருந்தன. ஆனால் அவள் காட்டியது வேறொன்று. ஆய்வேட்டின் உள்ளே, மற்ற அனைவரும் பெயரும் ஆண்டுமாக மட்டும் நிற்க, அந்த இருவரின் பெயர்களுக்கு முன்னால் மட்டும் முதலெழுத்து சேர்ந்திருந்தது. நாங்கள் அவ்வாறு கேட்கவில்லை. ஒரே பெயரில் இருவர் இருக்கிறார்கள் என்பதைக் கண்டுகொண்டு, வாசிப்பவர் மயங்காதிருக்க அந்த மென்பொருள் தானாகவே அவர்களைப் பிரித்துக் காட்டியிருந்தது. நூலகமும் படித்தவர்களும் கவனியாது விட்டதை ஓர் இயந்திரம் ஒரு தட்டில் செய்ததைக் கண்டு, கொமியுனிகேஷன் கடையில் அடைந்ததைவிடப் பெரிய அதிர்ச்சியை நான் அடைந்தேன். மருமகளும் அந்த இரண்டு எழுத்துகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வெள்ளிக்கிழமை, கட்டிய ஆய்வேட்டைத் துணிப்பையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு முதல் பஸ்ஸில் போனாள். மாலையில் அவளிடமிருந்து வந்த அழைப்பில் முதலில் கேட்டது அழுகை. என் மகன் பதறிப்போய், “என்னடி ஆச்சு?” என்றான். “சரி... எல்லாம் சரி... எடுத்துக்கிட்டாங்க,” என்றாள்.

சில வாரங்களுக்குப் பின் பேராசிரியர் என்னை அழைத்தார். அதிபரின் பிள்ளைகளைத் தேடிப் போய்ப் பார்த்துவிட்டு வந்ததாகவும், வரும் மாசியில் ஆண்டு நினைவுப் பிரசுரத்தை நானே எழுதவேண்டும் என்று அவர்கள் விரும்புவதாகவும் கூறினார். “எனக்கு மட்டும் இப்போதைக்கு ஒண்ணும் எழுதிராதீங்க,” என்றும் சேர்த்துக்கொண்டார்.

எழுதினேன். மேல் வரியில் அமரர். கீழே பெரிய எழுத்தில் பெயர். வழக்கமாகப் பிள்ளைகள், மருமக்கள், பேரப்பிள்ளைகள் என்று முடியும் இடத்துக்குக் கீழே, எந்தத் துண்டுப்பிரசுரத்திலும் நான் கண்டிராத ஒன்றைச் சேர்த்தேன்: அவருடைய இரண்டு நூல்கள். பெயர், முதலெழுத்து, ஆண்டு, தலைப்பு, வெளியிட்ட ஊர் என்று மருமகளின் மென்பொருள் தந்த ஒழுங்கிலேயே அமைத்தேன்.

கொமியுனிகேஷன் முதலாளி கறுப்புக் கரையை இட்டுவிட்டு, பிரதியை விரலால் தொட்டுத் தொட்டு வாசித்து வந்தார். அடியில் நிறுத்தினார்.

“ஐயா, ஒரு எடத்துல விட்டுட்டீங்க. இங்க பாருங்க, இந்த ரெண்டு வரியிலயும் பேரு மட்டும் ஈக்கிது. அமரர் போடல்லயே. நான் போட்டுடவா?”

“வேணாம் முதலாளி,” என்றேன். “அந்த ரெண்டு வரிய மட்டும் அப்பிடியே விடுங்க.”